பாதியில் வெட்டிய படம்

அண்ணன் காலில் போட்டிருந்த கட்டை அண்ணி பிரித்ததும் முதலில் வந்தது நாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் திறந்துதான் இருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அப்படியும் அது அறை நடுவே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அண்ணன் மட்டும் தனக்கு ஒன்றும் சம்பந்தமில்லை என்பதுபோல வலது காலை முக்காலிமேல் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணா இது?" என்றாள் மிளகா.

அவளுடைய நிஜப் பெயர் அந்த வீட்டில் யார் வாயிலும் வந்து வருஷக்கணக்காகிறது. சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் முகம் சிவந்து கத்துவாள் என்று அண்ணன் வைத்த பெயர் மிளகா. இப்போது தலையில் நரை விழுந்துவிட்டது. தோல் செல்களை ஆராயும் கூடத்தில் எத்தனையோ பேருக்கு அவள் மேடம். ஆனாலும் இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவள் மிளகாதான்.

"ஒண்ணுமில்ல, ஆறிட்டு வருது" என்றான் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் பெயிண்டர். அடுக்குமாடிகளின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பவன். நாள் முழுக்க ஏணியில் நிற்கிற வேலை. ஏணிச்சட்டம் பாதத்தில் எந்த இடத்தை அழுத்துமோ, அதே இடத்தில், கட்டைவிரலுக்குச் சற்றுக் கீழே, போன வருஷம் புண் வந்தது. சர்க்கரை வியாதி பாதத்தின் உணர்வைத் தின்றுவிட்டிருந்ததால் வலி இல்லை. வலி இல்லாத புண்ணை அண்ணன் புண் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. மிளகாதான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஏணி ஏறக் கூடாது, புண்ணில் அழுத்தம் விழாத இந்தச் செருப்பைத்தான் போட வேண்டும், வாரம் தவறாமல் வந்து சுத்தம் செய்து கட்டிக்கொள்ள வேண்டும் என்று மூன்று கட்டளை போட்டு அனுப்பினார்கள். கடைசியாக அவள் பார்த்தபோது புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாகி, நல்லபடியாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

இப்போது ஓரம் கறுத்திருந்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் வீங்கி மினுமினுத்தன. எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று ஒரு களிம்பு.

"யார் கொடுத்த மருந்து?"

அண்ணி பள்ளிச் சீருடை தைத்துத் தைத்துக் கூனிப்போன முதுகை நிமிர்த்தி, அலமாரியிலிருந்து ஒரு பச்சைநிற அட்டைப்பெட்டியை எடுத்து மிளகாவின் கையில் வைத்தாள்.

"நீ கண்டுபிடிச்சதுதானாம். இவரு சொன்னாரு. உங்கிட்ட சொல்லாம ஒரேடியா ஆற வச்சுக் காட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. இப்ப நிஜமாவே ஒத்தக்கால்லதான் நிக்கிறாரு."

பெட்டியின் ஒரு பக்கத்தில் பேராசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுடைய ஆய்வுக்கூடத்தின் தலைவர். மறுபக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள்: அகலமான கீறல், குறுகிய கீறல், கோடாய் மெலிந்த கீறல், பிறகு கீறலே இல்லை. கீழே கொட்டை எழுத்தில், 'சர்க்கரை அறிவியல்: உங்கள் தோல் தானே நடந்து வந்து மூடும்.'

அது மிளகா எடுத்த படம். சந்தேகமே இல்லை. அன்றைக்குத் தோல் செல்களை வளர்த்த தட்டில் சோதனைக்காகக் கீறல் போடும்போது கை ஒரு நொடி பிசகி, கீறலின் இடது ஓரத்தில் பல் கடித்ததுபோல ஒரு வெட்டு விழுந்திருந்தது. அந்த வெட்டு பெட்டியின்மேல் அப்படியே இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போறத நிறுத்திட்டியா?"

"அதான் இது இருக்கே."

"ஏணி?"

அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். மிளகா எழுந்து போய் டிவியின் பிளக்கையே பிடுங்கினாள்.

"ஏணி ஏறினியா இல்லியா?"

"வேலைக்குப் போகாம வீட்ல உக்காந்து சுவத்த வெறிச்சுப் பாக்கவா? என் தொழிலே சுவத்த வெறிச்சுப் பாக்கறதுதான், ஆனா ஏணிமேல நின்னு பாக்கணும்" என்று சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன் இப்படிக் குதிக்கிற? பேப்பர்ல வந்துச்சு. உன் பேரும் இருந்துச்சு. நீ கண்டுபிடிச்சத நானே நம்பலன்னா வேற எவன் நம்புவான்?"

"நான் கண்டுபிடிச்சது இது இல்லண்ணா!"

"அப்ப பொட்டில உன் படம் எப்படி வந்துச்சு?"

அந்தக் கேள்வி அவளை இன்னும் கொதிக்க வைத்தது. டாக்ஸியைக் கூப்பிட்டாள். அண்ணன் வர மாட்டேன் என்றான். அண்ணி அவனுடைய சட்டையை எடுத்து மடியில் எறிந்து, "போட்டுக்கறீங்களா, இல்ல பனியனோட தூக்கிட்டுப் போகட்டுமா?" என்றாள். அதன் பிறகுதான் எழுந்தான்.

ஆஸ்பத்திரியில் புண் பிரிவின் டாக்டரம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரு மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். கம்பி எதிலோ போய் முட்டியது. "எலும்பு" என்றார். மிளகா அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மிச்சத்தைப் புரிந்துகொண்டாள். எலும்புக்குள் கிருமி போய்விட்டது. கட்டைவிரலும் அடுத்த விரலும் அவற்றுக்குப் பின்னால் கொஞ்சம் எலும்பும் போயாக வேண்டும், இல்லாவிட்டால் பாதமே போகும்.

அண்ணன் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான்.

"அந்தப் பேப்பர்ல உன் பேரு இருந்துச்சா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"இருந்துச்சு" என்றாள்.

"அப்ப எங்கிட்ட கத்தாத" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் பெயர் அங்கே வந்த கதை இதுதான்.

தோலில் காயம் பட்டால், ஓரத்தில் இருக்கும் செல்கள் அடியில் ஒட்டியிருக்கும் தரையை விட்டுக் கிளம்பி நகர்ந்து வந்து இடைவெளியை மூட வேண்டும். ஒவ்வொரு செல்லின் மேற்புறத்திலும் புரதங்கள் கைகளைப்போல நீட்டிக்கொண்டிருக்கும். சில கைகள் கீழே தரையைப் பிடித்திருக்கும், சில பக்கத்துச் செல்லைப் பிடித்திருக்கும். அந்தக் கைகளின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைவிட்டு முளைத்திருக்கும். இது காப்பியில் போடுகிற சர்க்கரை அல்ல. செல் தன் உள்ளே தானே கோத்துச் செய்துகொள்கிற சர்க்கரை. எந்தக் கையில் எத்தனை கிளை என்று தீர்மானிப்பவை செல்லுக்குள் இருக்கும் நொதிகள். ஒரு நொதி கிளையைச் சேர்க்கும், இன்னொன்று நறுக்கும், வேறொன்று நுனியை மாற்றும். மிளகா பல வருஷமாகப் பின்தொடர்ந்தது கூடுதலாக ஒரு கிளையை ஒட்டும் நொதி ஒன்றை. அந்த நொதியைச் செல்லுக்குள் அதிகமாக்கினால் கைகளின் பிடி தளர்ந்தது. செல்கள் விறுவிறுவென்று ஓடின. கீறல் கண்ணெதிரே மூடியது.

மூடிய பிறகும் அவள் காமிராவை நிறுத்தவில்லை. அதுதான் அவள் பழக்கம். படம் ஓடிக்கொண்டே இருந்தது. மூடிய இடத்தில் செல்கள் நிற்கவில்லை. தரையை விட்ட கை, பக்கத்துச் செல்லையும் விட்டுவிட்டிருந்தது. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று அவை தனித்தனியே அலைந்தன. நடுவில் ஓட்டைகள் விழுந்தன. ஓட்டைகள் சேர்ந்து, கடைசியில் பழைய கீறல் திரும்பவும் வாயைப் பிளந்தது. பிடி தளரவும் வேண்டும், சரியான நேரத்தில் திரும்ப இறுகவும் வேண்டும். அவளைப் பொறுத்தவரை கண்டுபிடிப்பு என்பது அந்த இரண்டாம் பாதிதான்.

பேராசிரியர் முதல் பாதியோடு நிறுத்தச் சொன்னார். "அழகா மூடுது பாருங்க. இங்கயே வெட்டுங்க. மிச்சம் இன்னொரு கட்டுரை." அவள் வாதாடினாள். ஒருநாள் பூராவும் வாதாடினாள். கடைசியில் அடுத்த கட்டுரை நிச்சயம் வரும் என்று அவர் எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார். அது வரவேயில்லை. முதல் கட்டுரையைப் பற்றிய செய்திதான் நாளிதழில் வந்தது, அவர் பெயரோடு அவள் பெயரும் சேர்த்து. ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வெண்ணெய் என்று ஒரு செல்லப்பெயர் உண்டு, எதுவும் அவர்மேல் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்பதால். அந்தப் பெயரைக் கேட்டு அவளும்தான் பல தடவை சிரித்திருக்கிறாள்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, அவனைப் பார்த்துவிட்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. பச்சைப் பெட்டியை மேஜைமேல், அவர் படிக்கும் தாள்களின் நடுவே, டொக்கென்று வைத்தாள்.

"உட்காருங்கம்மா" என்றார்.

"உட்கார வரல. இதுல என் படம் இருக்கு. யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"நம்ம கூடத்தோட படம்மா. கம்பெனிக்கு நான் ஆலோசகர், அவ்வளவுதான். எதுக்கு இவ்வளவு டென்ஷன்?"

அவள் அண்ணனின் காலைப் பற்றிச் சொன்னாள். அவர் முகத்தில் வருத்தம் வந்தது. அது நடிப்பு இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வருத்தம் வந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். அந்தக் களிம்புல நம்ம நொதியே கிடையாது."

"தெரியும். அது செல்லுக்குள்ள இருந்து வேலை செய்யறது. வெளிய தடவினா உள்ள போகாது."

"அதான் சொல்றேன். கொஞ்சம் ஈரப்பதம், ஏதோ ஒரு சர்க்கரை, வாசனை. யாருக்கும் ஒரு கெடுதலும் வராது."

பொய்யான மருந்து என்று அவரே சொல்கிறார், அதையே சமாதானமாகவும் சொல்கிறார்!

"எங்கண்ணனுக்கு நாளைக்கு ரெண்டு விரலை எடுக்கறாங்க, ஸார்."

"களிம்பால இல்லம்மா. சிகிச்சையை நிறுத்தினதால. திறந்த புண்ணுல பூசக் கூடாதுன்னு பெட்டிலயே போட்டிருக்கு."

"எங்க?"

"அடியில."

மிளகா பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் ஏதோ எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருந்தது. மேஜையிலிருந்த அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்துவைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்கும் அது பிடிபடவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போய், நுண்ணோக்கியின் கீழே அதைத் தள்ளி, வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தாள். 'அழகுப் பயன்பாட்டுக்கு மட்டும். திறந்த புண்ணில் பூசக் கூடாது.' அங்கிருந்தே அடித்தொண்டையில் கத்தினாள்.

"ஆமாம் ஸார், இருக்கு! வாங்கறவங்க எல்லாரும் வீட்டுல ஒரு மைக்ராஸ்கோப் வச்சுக்கணும், அவ்வளவுதான்!"

கூடம் முழுக்க வேலை நின்றது. யாரும் நிமிரவில்லை. பேராசிரியர் வாசல்வரை வந்து, மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மேடம் வீட்டுல ஒரு கஷ்டம். கொஞ்சம் லீவு எடுத்துக்கட்டும்." அவள் கோபத்தை அவள் குடும்பச் சங்கதியாக்கிக் கதவுக்குள் போய்விட்டார்.

அறுவை முடிந்தது. அண்ணன் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு எடுத்தாங்க?" அண்ணி சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். மிளகா பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை, அண்ணி ஊட்டினால் திறந்தான்.

"ரெண்டு பேரும் ஒண்ணா பொறந்ததுக்கு வேற அடையாளமே வேண்டாம்" என்றாள் அண்ணி, யாரிடம் என்றில்லாமல்.

அந்த வாரக் கடைசியில் ஆய்வு நிறுவனத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள். அரங்கம் நிறைய ஆள். முன்வரிசையில் களிம்புக் கம்பெனிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள். பேராசிரியர்தான் முக்கியப் பேச்சாளர். எப்போதும் படத்தை ஓட்டுபவள் மிளகா. இந்த முறையும் வேறு யாரையும் ஏற்பாடு செய்ய அவருக்குத் தோன்றவில்லை. கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்திருப்பார். லீவு எடுத்தவர்களுக்குக் கோபம் ஆறிவிடும் என்பது அவர் கணக்கு.

அவள் அரங்கத்தின் பின்னால், மேலே இருந்த கணிப்பொறி அறையில் உட்கார்ந்து வெட்டாத படத்தைப் போட்டாள்.

திரையில் கீறல் தெரிந்தது. பேராசிரியர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை விரித்து விரித்துப் பேசினார். செல்கள் ஓடிவந்தன. கீறல் மூடியது. கூட்டம் 'ஆ' என்றது. வழக்கமாகப் படம் அங்கே நிற்கும். இன்றைக்கு நிற்கவில்லை. அவர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு செல் நழுவியது. இன்னொன்று. ஒரு கறுப்புப் புள்ளி, பிறகு நிறைய. முன்வரிசைத் தலைகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்புவதை மிளகா கண்ணாடி வழியே பார்த்தாள். கடைசியில் ஒரு பெண்மணி எழுந்து, "ஸார், அது மறுபடி திறந்துக்குதே?" என்று கேட்டாள்.

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்ல கேள்வி! இதைத்தான் அடுத்து சொல்ல வந்தேன். இயற்கை லேசுல பிடி கொடுக்கறதில்ல. அதனாலதான் இந்த ஆராய்ச்சிக்கு உங்க ஆதரவு இன்னும் அதிகமா தேவைப்படுது."

கூட்டம் கைதட்டியது.

அந்தக் கைதட்டல்தான் மிளகாவை எழுப்பியது. படியில் இறங்கியது, அரங்கத்தின் நடுப்பாதையில் நடந்தது, மேடைக்குப் போனது எதுவும் அவளுக்குப் பின்னால் சரியாக நினைவில்லை. கையில் பச்சைப் பெட்டி இருந்தது. ஒலிவாங்கி இல்லாமலே கத்தினாள்.

"இதெல்லாம் இவருக்கு அப்பவே தெரியும்! ஆரம்பத்துலயே காமிச்சேன்! வெட்டச் சொன்னாரு! வெட்டின பாதியைப் பெட்டில ஒட்டி வித்திருக்காங்க! எங்கண்ணன்... எங்கண்ணன் கால்ல இப்ப..."

அங்கே குரல் உடைந்துவிட்டது. நினைத்து வைத்திருந்த எதையும் அவள் வரிசையாகச் சொல்லவில்லை. நொதியைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் விரலைப் பற்றிச் சொன்னாள், விரலைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் அழுகையை விழுங்கிக்கொண்டு நின்றாள். கம்பெனிக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காவலாள் வந்து தொடாமல் பக்கத்தில் நின்றார். அவளே இறங்கி வெளியே போனாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று, தன்மேலேயே எரிச்சலாகி, அந்தப் பெட்டியைக் காலால் மிதித்து நசுக்கினாள்.

விஷயம் அதோடு போகவில்லை. வெட்டாத படத்தையும், கட்டுரையில் என்ன விட்டுப்போயிற்று என்பதையும் அவள் தன் பெயரிலேயே, கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு அனுப்பினாள். தன் பெயரும் அதில் இருப்பதை மறைக்கவில்லை. பல மாதம் இழுத்து, ஆய்விதழ் முழுப் படத்தையும் திருத்தத்தையும் வெளியிட்டது. நிறுவனம் விசாரித்தது. பேராசிரியர் 'சொந்தக் காரணங்களுக்காக' ஆலோசகர் பதவியை விட்டார், நாற்காலியை விடவில்லை. பெட்டியிலிருந்து அவர் முகமும் அவள் படமும் போயின. அந்த இடத்தில் யாரோ ஒரு அழகியின் கன்னம் வந்தது. களிம்பு விற்பனை நிற்கவில்லை. மிளகாவை அவள் கூடத்திலிருந்து எடுத்து, கீழ்த்தளத்தில் வேறொரு குழுவுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இல்லை. ஆனால் குழுத் தலைவி படத்தை முழுசாகப் பார்க்கிறவள். பிடி தளர்ந்த செல்களைத் திரும்ப இறுக வைப்பது எந்த நொதி என்று தேடும் வேலையை அவளிடமே கொடுத்தாள். கடையில் அந்தப் பச்சைநிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் மிளகாவுக்கு வயிறு எரியும். இன்றைக்கும் எரிகிறது.

இதெல்லாம் முடியப் பல மாதம் ஆயிற்று. அண்ணன் அவளோடு பேசியது அதற்கு வெகு முன்னால், அவன் கோலூன்றி நடக்க ஆரம்பித்த முதல் வாரத்தில். அவனே போன் செய்தான். நலம் விசாரிக்கவில்லை.

"உடனே கிளம்பி வா. ஒரு இடத்துக்குப் போகணும்."

"எங்க?"

"வான்னா வா."

பாதி கட்டி நின்ற ஓர் அடுக்குமாடிக்கு டாக்ஸி போயிற்று. அவன் கடைசியாக வேலை பார்த்த இடம். வழியில்தான் வாயைத் திறந்தான். அந்தப் பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வேலையிடத்தில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறான். என் தங்கச்சி, என் தங்கச்சி என்று மார்தட்டியிருக்கிறான். தனக்கு வாங்கியபோது வாட்ச்மேனுக்கும் அந்தக் களிம்புக் குழாய் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். வாட்ச்மேனுக்கு முழங்காலுக்குக் கீழே சைக்கிள் பெடல் கிழித்த காயம்.

"ஆஸ்பத்திரியில இருந்தே போன் பண்ணி நிறுத்தச் சொன்னேன். சரி சரின்னான். நேத்து மேஸ்திரி வந்து பாத்தப்ப சொல்றாரு, இன்னும் அதையேதான் பூசிக்கிட்டிருக்கானாம்."

"இத இப்பதான் சொல்றியா?" மிளகாவின் குரல் உயர்ந்தது. "நான் கட்டில் பக்கத்துலயே நின்னேனேண்ணா! ஊமை மாதிரி படுத்துக் கிடந்தியே!"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

"வேற மூஞ்சி வச்சிருக்கியா?"

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, ரேடியோவைப் போடப் போன கையை இழுத்துக்கொண்டார்.

வாட்ச்மேன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தார். காயம் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளத்தது. அண்ணன் கோலை ஊன்றிக்கொண்டு போய் முன்னால் நின்றான்.

"குழாயக் குடு."

"எதுக்கு?"

"குடுய்யா!"

"நீதானே கொடுத்த? உன் தங்கச்சி கண்டுபிடிச்சதுன்னு நீதானே சத்தியம் பண்ண?"

அண்ணன் குனிந்து, நல்ல காலால் நின்றுகொண்டு, கட்டுப்போட்ட காலிலிருந்து அந்த அகலமான செருப்பைக் கழற்றினான். விரல்கள் இருக்க வேண்டிய பக்கத்தில் கட்டு சரிந்து இறங்கியது. வாட்ச்மேன் அதைப் பார்த்தார். சுற்றிலும் சாந்து கலக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"ஆமாய்யா, சத்தியம் பண்ணேன். பாதிதான் எனக்குத் தெரியும். முழுசா அவளே சொல்லுவா, கேளு." தங்கை பக்கம் திரும்பினான். "சொல்லு."

சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே, அழுக்குத் தண்ணீர் ஓடிய இடத்தில் நின்று மிளகா சொன்னாள். தோல் செல்கள் எப்படிக் கைகோத்து நிற்கின்றன என்று சொன்னாள். அந்தக் கைமேல் இருக்கும் சர்க்கரையை மாற்றினால் கை விட்டுப்போய் ஓடும் என்று சொன்னாள். "ஓடிவந்தா மட்டும் போதாது. வந்து சேந்தப்புறம் திரும்பக் கையப் பிடிக்கணும். பிடிக்கலன்னா மூடின புண்ணு திறந்துக்கும். என் தட்டுல அதான் நடந்துச்சு. அத மறைச்சுட்டாங்க. அதுவும் இந்தக் குழாய்ல அந்தச் சமாசாரம் எதுவுமே கிடையாது. இது வெறும் வாசனைத் தைலம். அண்ணன் என்மேல வச்ச நம்பிக்கைய இதுக்குள்ள அடைச்சு அவனுக்கே வித்துட்டாங்க." கோபம் குரலில் அப்படியேதான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஒருவரும் கைதட்டவில்லை. சாந்து கலக்கிய பெண் ஒருத்தி, "அப்ப எங்க வீட்டுல இருக்கறதும் தூக்கித்தான் போடணுமா?" என்று கேட்டாள்.

"உங்க வீட்டுலயுமா?" என்று மிளகா திரும்பி அண்ணனை முறைத்தாள்.

"அத நான் வாங்கிக் குடுக்கல" என்றான் அண்ணன் அவசரமாக.

வாட்ச்மேன் நாற்காலிக்கு அடியிலிருந்து குழாயை எடுத்தார். கொடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு நீட்டினார். மிளகா அதை வாங்காமல் முதலில் குனிந்து காயத்தைப் பார்த்தாள். ஓரம் சிவந்து சூடாக இருந்தது. கறுக்கவில்லை. இன்னும் நேரம் இருந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். டாக்ஸி நிக்குது, வாங்க."

"சாயங்காலம்தாம்மா ஆள் மாத்துவாங்க. அதுக்கப்புறம் போறேன்."

"சாயங்காலமா?" என்றாள் மிளகா.

"கேட்டைத் திறந்து போட்டுட்டு வர முடியுமா? மேஸ்திரி கத்துவாரு."

"கத்தட்டும்!" என்று அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வாட்ச்மேன் மிரண்டுபோய் எழுந்தார். அண்ணன் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட்டுக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்தான்.

"கேட்டை நான் பாத்துக்கறேன். இனிமே ஏணியும் கிடையாது, வேற என்ன வேலை எனக்கு? மேஸ்திரி வரட்டும், அவருக்கும் நாலு வார்த்தை பாக்கி இருக்கு. நீ கூட்டிட்டுப் போ, மிளகா. அந்தாளு நடுவுல இறங்கி ஓடினா ஓட விடாத."

"உன்னையே இழுத்துட்டுப் போனவ நான்" என்று அண்ணனிடம் சொல்லி, வாட்ச்மேனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள் மிளகா. "செருப்ப முதல்ல கால்ல மாட்டு. மண்ணுல வைக்காத அந்தக் காலை!"

"மாட்டறேன், மாட்டறேன், போ!"

டாக்ஸி கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். அவன் இன்னும் செருப்பை மாட்டியிருக்கவில்லை. திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதற்கு ஒரு சண்டை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.